செருப்பில்லாத விருந்தாளிகள்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி இருபது நிமிடம். காலையிலிருந்து விட்டுவிட்டுத் தூறல். மேகமலை முழுக்க மூடிக் கிடந்தது. காற்று இல்லை. தீபாவளிக்கு வந்திருந்த மகன் குடும்பத்தோடு கோயம்புத்தூருக்குத் திரும்பி ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

எங்கள் வீடு ஓடைப்பட்டிக்குப் போகும் சாலையில், எங்கள் திராட்சைத் தோட்டத்தை ஒட்டி இருக்கிறது. பின்வாசலில் நின்றால் பந்தலின் முதல் வரிசை நேராகத் தெரியும். அந்த வரிசையில் பந்தலைத் தாங்கும் பதினான்கு கல்லுக்கால்கள். தினமும் மாலையில் அவற்றை எண்ணுவேன். எண்ணித்தான் தீர வேண்டும் என்பதில்லை. கிணறு எத்தனை, மோட்டார் எத்தனை, ஏக்கருக்கு மகசூல் எவ்வளவு என்று ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுக்கும் அரசாங்க வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கண் தானாக எண்ணிக்கொண்டேதான் இருக்கிறது. அன்று பதினைந்து வந்தது.

மறுபடி எண்ணினேன். பதினைந்துதான். இந்த முறை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். ஒன்பதாவதற்கும் பத்தாவதற்கும் நடுவில் இருந்த கல்லின் மேல் ஒரு துண்டு கிடந்தது. அந்தத் துண்டுக்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடம் என் பக்கம் திரும்பியிருந்தது. வெள்ளைச் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

மனைவியைக் கூப்பிட்டேன்.

"தோட்டத்துக்குள்ள யாரோ நிக்கிறாக பாரு."

அவள் வந்து, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தாள். "எங்கன நிக்கிறாக? எனக்கு ஒரு ஆளும் தெரியலையே."

"ஒம்போதாவது கல்லுக்கு அந்தப் பக்கம்."

"கல்லெல்லாம் எண்ணிக்கிட்டு நிக்க எனக்கென்ன பென்சனா வருது? மொதல்ல அந்தக் கண்ணாடியத் தொடைங்க."

துடைத்தேன். அந்த ஆள் அங்கேயேதான் இருந்தார். இருட்டும் வரை நகரவில்லை. இருட்டிய பிறகு அவர் நகர்ந்தாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள வழி இல்லை.

எனக்கு வயது எழுபத்தாறு. ஆவியா, நிஜமா என்பதைவிட எனக்கு வேறொரு பயம் இருந்தது. போன வருடம் மகன் எங்களைத் தன்னோடு வரச் சொல்லி ஒற்றைக் காலில் நின்றபோது நானும் அவனும் ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். என் தலை தெளிவாக இருக்கும்வரை நாங்கள் இங்கே இருப்போம். தடுமாறினால், அன்றைக்கே மறுபேச்சு இல்லாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயம்புத்தூர். தோட்டத்தை அவன் யாருக்காவது கொடுத்துவிடுவான். ஒப்புக்கொண்டு தலையாட்டியவன் நான். அதனால் பதினைந்தாவது கல்லைப் பற்றி அதற்கு மேல் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

டாக்டரிடம் சொல்லியிருக்கலாமே என்று படிப்பவர்களுக்குத் தோன்றும். எந்த டாக்டரிடம்? எனக்கு மூன்று பேர். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் கம்பத்தில் ஒருவர். பல வருடப் பழக்கம். பாத எரிச்சலுக்குத் தேனியில் ஒருவர். அடிக்கடி சிறுநீர் வருவதற்கு மதுரையில் ஒருவர். எங்கள் பக்கத்தில் இதற்கென்று ஒரு மரியாதை உண்டு. ஒரு டாக்டரிடம் போகும்போது இன்னொரு டாக்டரின் சீட்டைக் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால், 'உன் வைத்தியம் போதவில்லை என்று வேறு ஆளைப் பார்த்தேன்' என்று முகத்துக்கு நேரே சொன்னதாகிவிடும். ஆகவே வீட்டில் ஆணியில் மூன்று துணிப்பைகள் தொங்கும். கம்பத்துக்கு மஞ்சள், தேனிக்குப் பச்சை, மதுரைக்கு ஒரு நகைக்கடையின் சிவப்பு. எங்கே போகிறோமோ அந்தப் பை மட்டும் வண்டியில் ஏறும். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லைங்க" என்று பணிவாகச் சொல்ல வேண்டும். நான் மட்டுமல்ல, என் வயதில் எனக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

கால் டாக்டரிடம் காலைப் பற்றி மட்டும் பேசுவேன். சிறுநீர் டாக்டரிடம் அதைப் பற்றி மட்டும். அந்த ஐப்பசியில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பேப்பரில் எழுத்து எறும்பு போல ஊர்ந்தது. மலச்சிக்கலும் சேர்ந்துகொண்டது. மழைச் சளி பிடித்ததால் பக்கத்து மெடிக்கலில் மூன்று நாளைக்கு என்று மாத்திரைகளை வெட்டிச் சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுத்தார்கள். சளி அதற்குக் கேட்டதால் திரும்பத் திரும்ப வாங்கினேன். வாய் வறட்சிக்கும் எழுத்து ஊர்வதற்கும் வயதுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன். ஆட்கள் தெரிவதைக் கொண்டுபோய்ச் சொல்ல என்னிடம் எந்தப் பையும் இல்லை.

ஒரு வாரத்துக்குள் அவர்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள்.

முதலில் வந்தவள் ஒரு பெண். சமையலறைக்கு முன்னால் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மொச்சை உரித்தாள். கை வேகமாக ஓடியது. ஆனால் தோல் உடையும் சத்தம் இல்லை, கிண்ணத்தில் பயறு விழும் சத்தமும் இல்லை. முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தரை நனையவில்லை. அடுத்து இரண்டு ஆண்கள். சுவரோரம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல நின்றார்கள். மூவரும் என்னைப் பார்க்கவே இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. என் வீட்டில் நான்தான் ஏதோ தெரியாமல் நுழைந்துவிட்ட ஆள் போல அவர்கள் கண்டும் காணாமல் இருந்தார்கள். காலையில் யாரும் இருக்கமாட்டார்கள். வெயில் சாய்ந்தால் வந்துவிடுவார்கள்.

நான் மறைத்தாலும் மனைவிக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் சமையலறைக்குப் போகும்போது அந்தப் பெண்ணை மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போனேன். மனைவி பார்த்துவிட்டாள்.

"எதுக்கு இப்பிடிச் சுத்திப் போறீக?"

"சும்மா."

"சும்மா யாராச்சும் நடு வீட்டுல வளைஞ்சு போவாகளா? யாரு இருக்கா அங்கன?"

சொன்னேன். அவள் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் தங்கையிடம் போனில் சொல்லிவிட்டாள். தங்கையின் கணவர், என் சகலை, அடுத்த தெருவில்தான் இருக்கிறார். மறுநாளே சிரித்துக்கொண்டு வந்தார்.

"என்ன சகலை, வீடு நெறைய விருந்தாளியாமே? எனக்குச் சொல்லவே இல்ல. பந்தி எத்தன மணிக்கு?"

"நீங்க வந்து உக்காந்துருக்கிற நாற்காலிக்குப் பின்னாடிதான் ரெண்டு பேரு நிக்கிறாக" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. காபியை வாய்க்குக் கொண்டுபோனவர் குடிக்காமல் வைத்தார். "நனைஞ்ச துணியோடயா நிக்கிறாக?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். ஆமாம் என்றேன். "எங்க அப்பாவுக்கும் கடைசியில அப்பிடித்தேன் தெரிஞ்சுச்சு. கூப்பிட வந்தவுக நனைஞ்சுதேன் வருவாகளாம்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

அதற்குப் பிறகு ஊர் என்னைப் பார்க்க வர ஆரம்பித்தது. போகப்போகிறவனைப் பார்க்கும் பார்வை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நானே பலரை அப்படிப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள், கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் பேச்சு. பழைய சண்டைக்காரர் ஒருவர் வந்து மனதில் எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். வருகிறவர்கள் வரவர எனக்குப் புதிய தொல்லை ஒன்று வந்தது. அறையில் இருப்பவர்களில் யார் வந்தவர், யார் வராதவர்? தவறான ஆளிடம் பேசிவிட்டால் அந்தச் செய்தி கோயம்புத்தூருக்குப் போய்விடும்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் வீட்டுக்குள் யாரும் செருப்போடு வருவதில்லை. முன்வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணி இரண்டால் வகுத்தால் உள்ளே இருக்க வேண்டிய தலைகள் தெரிந்துவிடும். எங்கள் இரண்டு ஜோடி போக மூன்று ஜோடி இருந்தால் மூன்று விருந்தாளிகள். மீதி எல்லாம் மற்றவர்கள். பளிச்சென்ற சேலையும் பேச்சும் உள்ளவர்களைச் செருப்போடு பொருத்திக்கொள்வேன். மிச்சப்படுபவர்களைப் பார்க்காதது போல இருந்துவிடுவேன். இந்தக் கணக்கு ஒரு முறைகூடத் தப்பவில்லை. கணக்கு சரியாக வரும்வரை என் தலையும் சரியாக இருக்கிறது என்றே நம்பினேன்.

நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, திருக்கார்த்திகை. மனைவி வாசலிலும் சன்னல்களிலும் அகல் விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் நாற்காலியில் இருந்தேன். மொச்சை உரிப்பவள் தன் இடத்தில் இருந்தாள். சுவரோரத்தில் இருவர். வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு மட்டும். கணக்கு சரி.

அப்போது பின்வாசல் வழியாக ஒருவன் உள்ளே வந்தான். கறுப்பு வேட்டி, மேல்சட்டை இல்லை, தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. வெறுங்கால். விளக்கு வெளிச்சம் கீழேயிருந்து அடித்ததால் கண்ணுக்கு மேலே நிழல். முன்வாசலை எட்டிப் பார்த்தேன். இரண்டு ஜோடிதான்.

திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். என் மகன்.

அதுவரை வந்தவர்களில் எவருக்கும் நான் அறிந்த முகம் இல்லை. இவனுக்கு இருந்தது. கோயம்புத்தூரில் இருக்க வேண்டியவன் நனைந்த உடம்போடு செருப்பில்லாமல் என் கூடத்தில் நிற்கிறான் என்றால் அதற்கு ஒரே பொருள்தான் எனக்குத் தோன்றியது. பஸ் எங்கே கவிழ்ந்தது, எந்த ஊர், செய்தி எப்போது வரும் என்று மனம் ஓடியது. இன்னும் போன் வரவில்லை, மனைவிக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும் முன் நான் என்ன செய்ய வேண்டும்?

"அப்பா" என்றான்.

அவர்களில் ஒருவர் பேசியது அதுதான் முதல் முறை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மனைவி உள்ளே வந்தாள். கையெடுத்துக் கும்பிட்டு, "வாங்க சாமி. இருங்க, இலை போடுறேன்" என்றாள். அவளுக்கும் அவன் தெரிகிறான், அவனைப் பார்த்துக் கும்பிடவும் செய்கிறாள்.

"அவனுக்கு இலை போடாதடி" என்று கத்தினேன். "தின்னுட்டான்னா போகமாட்டான். எப்போ போனான்? யாரு சொன்னா ஒனக்கு?"

அவன் என் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து என் இரண்டு கைகளையும் பிடித்தான். கை குளிர்ந்திருந்தது. "அப்பா, நாந்தேன். என்னையப் பாருங்க. மாலை போட்டுருக்கேன்ப்பா. அம்மாட்டப் போன்ல சொல்லிட்டு, பஸ்ஸுல வந்து எறங்கி, பம்ப்செட்டுல குளிச்சுட்டு வாரேன்."

கழுத்தில் துளசி மாலை கிடந்தது. கார்த்திகை பிறந்தால் எங்கள் சாலையில் கறுப்பு வேட்டிக்குப் பஞ்சமே இல்லை. குமுளி வழியாகச் சபரிமலைக்குப் போகும் கூட்டமெல்லாம் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறது. மாலை போட்டவர்கள் செருப்புப் போடமாட்டார்கள், காலையும் மாலையும் தலைக்குக் குளிப்பார்கள், பெற்ற தாயும் அவர்களைச் சாமி என்றுதான் அழைப்பாள். எழுபத்தாறு வருடம் அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். என் செருப்புக் கணக்கில் அதற்கு இடம் வைக்க மறந்துவிட்டேன்.

அன்று அவன் சாப்பிடவில்லை. தோட்டத்துப் பக்கம் போய் நீண்ட நேரம் போனில் பேசினான். மறுநாள் காலை எனக்கு எல்லாமே தெளிவாக இருந்தபோது வந்து உட்கார்ந்து சொன்னான்.

"அப்பா, நீங்க ஒத்துக்கிட்ட பேச்சுத்தேன். எங்க வீட்டுக்குக் கீழ ஒரு போர்சன் காலியா இருக்கு. அட்வான்ஸ் அனுப்பிட்டேன்."

"கேக்காம அனுப்பிட்டியா?"

"நேத்து என்னையச் செத்தவன்னு சொன்னீக. இனி என்னத்தக் கேக்க?"

 போவதற்கு முன் ஒரே ஒரு டாக்டரைப் பார்த்துவிடுவோம் என்று மட்டும் கேட்டேன். அவனும் அதையே நினைத்திருந்தான்; மறதி நோய்க்கு மாத்திரை எழுதி வாங்கிவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். தேனியில் முதியவர்களைப் பார்க்கும் டாக்டரம்மா ஒருவருக்கு நேரம் வாங்கினான். கார் வந்து நின்றது. மனைவி ஆணிக்கு முன்னால் நின்று குழம்பினாள்.

"புது டாக்டருல்ல. எந்தப் பைய எடுக்கிறது?"

மகனுக்கு எங்கள் மரியாதை எதுவும் தெரியாது. மூன்று பையையும் கழற்றினான். மேசைமேல் கிடந்த சளி மாத்திரை உறைகளையும் வாரி உள்ளே போட்டுக்கொண்டான். நான் வழி நெடுகச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

டாக்டரம்மா நாற்பது வயதுக்காரர், பேச்சில் எங்கள் பக்கத்து வாடை இருந்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. அங்கே நின்றேன். எழுபத்தொன்பதுக்குக் கீழே ஏணியில் படி இல்லை. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல அந்த இடத்தை எட்டிப் பார்த்தேன். அடியில் ஒன்றும் தெரியவில்லை. ஆட்களைப் பார்த்தபோதுகூட அப்படிப் பயந்ததில்லை.

"மறதிக்கு மாத்திரை எழுதுறீங்களா மேடம்?" என்றான் மகன்.

"இன்னொண்ணா? இருக்கிறத மொதல்ல பாப்போம். பையில என்ன?"

மூன்று பைகளும் மேசைமேல் கவிழ்ந்தன. ஒரு டாக்டரின் மேசையில் மற்ற மூன்று டாக்டர்களின் சீட்டு. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். பிறகு மூன்றை மட்டும் தனியே நகர்த்தினார். பாத எரிச்சலுக்கு இரவில் போடுவது, சிறுநீருக்கானது, சளிக்கானது.

"வாய் காயுதா ஐயா? எழுத்து மங்குதா? வெளிக்கிப் போக முக்க வேண்டியிருக்கா? சாயங்காலம் ஆனா ஆளுக தெரியுதா?"

நான்காவது கேள்வியை அவர் மற்ற மூன்றைக் கேட்ட அதே குரலில் கேட்டார். அதனால்தான் என்னால் ஆமாம் என்று சொல்ல முடிந்தது.

"தனித்தனியாப் பாத்தா மூணும் நல்ல மாத்திரதேன். ஆனா மூணும் பாக்குற வேலை ஒண்ணு, நரம்புல ஓடுற ஒரே சேதிய அடைக்கிறது. வாய்க்கால்ல ஒரு ஆளு ஒரு மடைய அடைச்சாப் பரவாயில்ல. மேல ஒருத்தரு, நடுவுல ஒருத்தரு, கீழ ஒருத்தருன்னு ஒருத்தருக்கொருத்தரு தெரியாம அடைச்சா, கடமடையில என்ன இருக்கும்? காஞ்சு வெடிச்சுப் போகும். ஒங்க மூளைதேன் கடமட. வயசானவுகளுக்கு இந்தச் சேர்க்கை ஆகாது. இதுக்கு மேல மறதி மாத்திரையும் போட்டா, அது ஒரு பக்கம் மடையத் தொறக்கும், இது ஒரு பக்கம் அடைக்கும்."

சளி மாத்திரையையும் சிறுநீர் மாத்திரையையும் அன்றே நிறுத்தினார். பாத எரிச்சல் மாத்திரையை ஒரேயடியாக விடக் கூடாது என்று படிப்படியாகக் குறைத்து எழுதினார். சர்க்கரை, அழுத்த மாத்திரைகளை அப்படியே விட்டார். வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்ய ரத்தப் பரிசோதனை, மூத்திரப்பை ஸ்கேன், தலை ஸ்கேன். எந்த டாக்டரிடம் போனாலும் எல்லா மாத்திரையும் ஒரே பையில் போக வேண்டும் என்றார். பிறகு என் முன்னாலேயே மூன்று டாக்டர்களுக்கும் போன் செய்தார். கம்பத்து டாக்டர் என்னிடம் பேச வேண்டும் என்றார். போனைக் காதில் வைக்கவே பயமாக இருந்தது.

"ஏய்யா, எம்புட்டு வருசமா எங்கிட்ட வாரீக. ஒருத்தேன் கேட்டா ஒளிக்கிறதா? கோவிச்சுக்குவேன்னு பயந்தா, இனி கோவம் வராத மாத்திரைய நான் போட்டுக்கிறேன். போதுமா?"

முதலில் சுவரோரத்தில் இருவர் ஒருவரானார்கள். பிறகு அந்த ஒருவரும் இல்லை. மொச்சை உரிப்பவள் மட்டும் கொஞ்ச நாள் இருந்தாள். அவளுடைய முதுகு மெலிந்துகொண்டே வந்தது. ஒரு மாலை அவள் வழியாக எனக்குச் சமையலறைக் கதவின் தாழ்ப்பாள் தெரிந்தது. கடைசி நாள் அவள் முதல் முறையாகத் தலையை லேசாகத் திருப்பினாள். முகம் தெரிவதற்குள் விளக்கைப் போட்டுவிட்டேன். பிறகு வரவில்லை. அவர்கள் போய்விட்டார்களா, அல்லது எனக்குத் தெரிவது மட்டும் நின்றுவிட்டதா என்று மனைவியிடம் ஒரு நாள் கேட்டேன். "இதக் கேக்காம சாப்பிடுங்க" என்றாள். ஆனால் அவளும் இப்போது அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போகிறாள்.

மூன்றாவது முறை போனபோது டாக்டரம்மா நூறிலிருந்து கழிக்கச் சொன்னார். எழுபத்தொன்பதைத் தாண்டினேன். எழுபத்திரண்டு, அறுபத்தைந்து என்று இரண்டு வரைக்கும் இறங்கி வந்தேன். மகன் வெளியே வந்து கார்க் கதவைத் திறந்துவிட்டான்.

"இங்கயே இருங்க" என்றான். "ஆனா ஒரு மாத்திரை மாத்தினாலும் எனக்குச் சொல்லணும்."

"அந்தப் போர்சன் அட்வான்ஸ்?"

"கேட்டேன். திருப்பித் தரமாட்டாகளாம். விடுங்க."

விடவில்லை. நான் என் வீட்டில் இருப்பதற்கு அவன் பணம் போகக் கூடாது. ஊருக்குத் திரும்பியதும் கணக்குப் போட்டேன். டாக்டரம்மாவுக்கு மூன்று முறைக்கு 1,500. ரத்தப் பரிசோதனை 1,840. மூத்திரப்பை ஸ்கேன் 1,200. தலை ஸ்கேன் 6,500. வாடகைக் கார் இரண்டு முறைக்கு 3,600. மூன்றாவது முறை மகனே தன் காரில் வந்திருந்தான். யாரும் குடியேறாத அந்தக் கோயம்புத்தூர் வீட்டுக்கு மூன்று மாத முன்பணம் 24,000. அந்த முன்பணத்தை அவன் வங்கிக் கணக்கில் அன்றே கட்டினேன்; மற்றதெல்லாம் ஏற்கெனவே நானே கொடுத்தவை. என் வீட்டிலேயே நான் இருக்க ஆன செலவு மொத்தம் 38,640 ரூபாய்.